குற்றாலத்தில் ஓர் அறை, காலை உணவு உட்பட

குற்றால அருவிகளில் குளிக்கத் தடை என்று டிவியில் செய்தி ஓடினால் மற்றவர்கள் கட்டிய பெட்டியை அவிழ்த்து வைப்பார்கள். நான் போனைக் கையில் எடுப்பேன். தடை போட்ட அன்றைக்குத்தான் அங்கே அறை வாடகை மளமளவென்று இறங்கும்.

இது ஒரு வியாதி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். மலிவாக அறை பிடிப்பதில் எனக்கு இருக்கும் ருசி, போய்த் தங்குவதில்கூட இல்லை. நான் வைத்திருப்பது ஏலம் மாதிரியான ஓர் ஆப். ஊர், வசதி, படம் எல்லாம் காட்டும், லாட்ஜின் பெயரை மட்டும் காட்டாது. நாம் ஒரு விலை சொல்ல வேண்டும். எங்கேயோ ஒரு முதலாளி அதைப் பார்த்துச் சரி என்று தட்டினால் நம் பணம் போய்விடும், அதற்குப் பிறகுதான் பெயர் தெரியும். அந்தச் சில நிமிடங்கள் போனைக் கீழே வைக்க மாட்டேன். அந்தப் பக்கம் இருப்பவர் ஆணா பெண்ணா, என்ன நினைத்து இந்த விலைக்கு ஒத்துக்கொண்டார் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

இந்த முறை நாங்கள் கிளம்பியது அருவிக்காக இல்லை. எங்கள் மகள் கார்த்திகா சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் இசக்கிமுத்துவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றாள். பையன் நன்றாகத்தான் இருந்தான். பயோடேட்டாவும் வந்தது. ஊர் தென்காசி பக்கம் இலத்தூர், அப்பா மாடசாமி ஓய்வு பெற்ற போலீஸ்காரர், கொஞ்சம் வயல், அம்மா இல்லத்தரசி. என் வீட்டுக்காரருக்குத்தான் மனசு வரவில்லை. கரூரிலிருந்து அத்தனை தூரத்தில் யார் என்ன என்று தெரியாத குடும்பத்தில் எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்பார். போய் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"அப்பா சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்மா. அவர் சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் போய் ஏதாவது பண்ணிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்றாள் கார்த்திகா. அவள் குரல் உடைந்ததும் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மாதிரி போய், நாலு பேரிடம் பேச்சுவாக்கில் விசாரித்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம் போட்டோம். தடைச் செய்தி வந்த அன்று இரண்டு இரவுக்கு அறை கேட்டேன். சீசனில் மூவாயிரத்துக்குக் குறையாத அறைக்கு எழுநூற்று இருபது ரூபாய் என்று துணிந்து போட்டேன். காபி ஆறுவதற்குள் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. காலை உணவும் உண்டாம்.

தென்காசியில் இறங்கியதும் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் காற்று எதிரே வந்து ஆளைத் தள்ளியது. என் வீட்டுக்காரர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாலு எட்டு உள்ளே வைத்ததும் அதே காற்று முதுகுப்பக்கம் வந்து உள்ளே தள்ளியது. "இந்தக் காத்து நம்மளப் போகச் சொல்லுதா, வரச் சொல்லுதா?" என்றார். அன்று முழுக்க அவர் பேசிய ஒவ்வொன்றிலும் கல்யாணம்தான் இருந்தது.

குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தோம். சாரல் என்பது கரூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு மழை. எங்கள் ஊரில் மழை பெய்தால் பெய்யும், இல்லையென்றால் வருடக்கணக்கில் அமராவதி ஆற்றில் மணல்தான் ஓடும். இங்கே மாவு சலிப்பதுபோல் வெயிலோடு சேர்ந்தே தூறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவரும் என் வீட்டுக்காரரும் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு போனில் வழி சொன்னேன்.

"போனப் பாத்தா வழி சொல்லுதிய? அது சுடுகாட்டுல கொண்டு விட்டுரும் ஆச்சி. ஐந்தருவி ரோடுதான? மஞ்ச கேட்டு போட்ட லாட்ஜுன்னா கண்ணக் கெட்டி விட்டாலும் போயிருவேன்" என்றார் டிரைவர். பாட்டியைக் கூப்பிடுவதுபோல் என்னை ஆச்சி என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

லாட்ஜ் வாசலில் காக்கி அரைக்கால் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் விசில் ஊதி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். நிறுத்துவதற்கு அப்போது ஒரே ஒரு கார்தான் இருந்தது. இருந்தாலும் விடாமல் ஊதினார்.

கவுண்டரில் ஒரு பெண்மணி. என் வயது இருக்கும். மூக்குத்தி, மடித்துச் செருகிய கொசுவம், காதோரம் செருகிய பேனா. ஆதார் அட்டைகளை வாங்கி என்னுடையதை ஒரு தடவை, அவருடையதை ஒரு தடவை, மறுபடி என்னுடையதை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கரூரா?"

"ஆமாங்க."

"எண்ணெ தேய்ப்பியளா?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், திரும்பி வந்து அப்படியே கட்டிலில் சாய்வார்கள். அதனால் லாட்ஜில் இரண்டு வகை விரிப்பு உண்டு. எண்ணெய் ஆட்களுக்கு அடர்ந்த பழுப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை. எங்களுக்கு வெள்ளை விரிப்பு கிடைத்தது. தடை நேரத்தில் வந்தவர்களுக்கு எண்ணெய் எதற்கு என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "எழுநூத்தி இருபதுக்கு ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன். முதல்முறையாக அந்தப் பக்கத்து ஆளை நேரில் பார்க்கிறேன் அல்லவா!

அவர் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மலையின் பாதியைக் கறுத்த மேகம் மூடியிருந்தது. "அங்கன பாருங்க. மலையில கருப்பு எறங்குனா தண்ணி கூடும். தண்ணி அருவிக்கு முன்ன கெட்டுன வளைவத் தாண்டி விழுந்தா போலீசு கயத்தக் கெட்டிரும். ஆளு கெளம்பிரும். ரேட்டு எறங்கும். நான் காலையில பல்லு வெளக்கையிலேயே மலையப் பாத்து ரேட்டப் போட்டுருவேன். கேட்டியளா, ரூமு சும்மா கெடக்கப்படாது. இந்த ஈரத்துக்கு ரெண்டு நாளு பூட்டிப் போட்டா மெத்தை நாத்தம் புடிச்சிரும். மனுசரு படுத்து எந்திரிச்சாத்தான் அது ரூமு."

இத்தனை வருடமாக நான் திறமையால் பிடித்ததாக நினைத்த அறைகள் எல்லாம் இப்படி மெத்தை காய்வதற்காகக் கொடுத்தவையாக இருக்குமோ என்று தோன்றியது. சிரிப்பு வந்தது.

மாலையில் பேரருவியைப் பார்க்கப் போனோம். பாதுகாப்பு வளைவுக்கு மேலேயிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏக்கத்தோடு நின்றது. உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க ஒருவர் போலீஸ்காரரிடம் கெஞ்சினார். "சார், எண்ணெ தேய்ச்சாச்சு சார். ஒரே ஒரு நிமிசம்." அதற்குப் போலீஸ்காரர், "அப்ப போயி வெந்நியப் போட்டுக் குளிங்க அண்ணாச்சி" என்றார்.

இரவு, கேரள எல்லையோரத்து பார்டர் கடையில் பரோட்டா. உள்ளங்கை அளவு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, மிளகு போட்டு வறுத்த கோழியோடு சாப்பிட வேண்டும். என் வீட்டுக்காரர் எண்ணாமல் சாப்பிட்டார். கடையின் மேல் ஒரு குறையும் கிடையாது. அவர் வயிறுதான் ராத்திரி முழுக்கப் புலம்பியது.

அதனால் மறுநாள் காலை அவர் வெறும் கடுங்காப்பியோடு நிறுத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். விசில் பெரியவரோடு பேச உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் மட்டும் சாப்பாட்டு அறைக்குப் போனேன். மூன்று மேசைதான். பரிமாறியதும் கவுண்டர் அம்மாதான். இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, அதற்குப் பிறகு உளுந்தங்களி. கருப்பட்டி மணக்க, நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். ஆப் போடும் காலை உணவு என்றால் காய்ந்த ரொட்டியும் ஜாமும்தான் எனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வயிறு நிறைந்ததும் வேலையை ஆரம்பித்தேன். "இலத்தூர்ல மாடசாமின்னு ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர் இருக்காராமுங்க. எங்க சொந்தத்துல ஒருத்தர் சம்பந்தம் பேசறாங்க. குடும்பம் எப்படிங்க?"

அவர் களிச் சட்டியைக் கீழே வைத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மாடசாமியா? நல்ல மனுசன். குடி கிடையாது. அருவிக்கரையிலேயே டூட்டி பாத்த ஆளு. விசிலு ஊதி ஊதி ஆள வெளியேத்துன பழக்கம் போவல. வீட்டுல யாரும் குளிக்கப் போனா அஞ்சு நிமிசத்துல கதவத் தட்டிருவாரு."

"அந்த அம்மா?"

"அவ வாய்க்காரி. மனசுல உள்ளத அப்பிடியே சொல்லிருவா. மருமவள்னு வந்தா ஒரு வார்த்த சொல்லத்தான் செய்வா, சொல்ல மாட்டான்னு நான் சொன்னா பொய்யி. ஆனா சொன்னத அன்னைக்கே மறந்துருவா. சோறு போடுததுல கை சுருங்காது."

"பையன்?"

"பையன் கொஞ்சம் சோம்பேறி. அவுத்த துணி அவுத்த எடத்துல கெடக்கும். ஆனா பொய் சொல்லத் தெரியாது. ஒரு பொண்ணப் புடிச்சிருக்குன்னு அம்மைகிட்ட வந்து சொல்லையில சட்டப் பித்தானத் திருகிக்கிட்டே நின்னான். அப்பிடிப்பட்டவன்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? கெட்டிக்காரத்தனமாகக் கறந்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் என் வீட்டுக்காரருக்குப் போதவில்லை. ஊருக்கே போய் வீட்டை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டும் என்றார்.

இலத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. என் வீட்டுக்காரர் டீயை வாங்கிக்கொண்டு மாடசாமி வீடு எது என்று மெல்லக் கேட்டார்.

"போலீசு மாடசாமியா? வீடு அந்தா அங்கன இருக்கு அண்ணாச்சி. ஆனா சீசன்ல ஆளு இருக்க மாட்டாவளே. புருசனும் பொண்டாட்டியும் குத்தாலத்துலல்லா கெடப்பாவ. அந்த அம்மா செண்பகம் அங்க லாட்ஜு நடத்துதா. ஐந்தருவி ரோட்டுல மஞ்ச கேட்டு. போனியன்னா வாசல்லேயே இவரு விசிலு ஊதிக்கிட்டு நிப்பாரு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் கையிலிருந்த டீ சேலையில் கொட்டியது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"எல்லாத்தையும் அந்தம்மாகிட்டயேவா கேட்ட?" என்றார்.

"நீங்க மட்டும்? காலையிலிருந்து அந்த மனுசன்கிட்ட என்ன பேசுனீங்க?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "பொண்ண இத்தன தூரத்துல குடுக்கறது பாழுங்கிணத்துல தள்ளற மாதிரின்னு சொன்னேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு."

அப்போதுதான் அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு உறைத்தது. நான் சாப்பிட்டிருக்கிறேன். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், மிஞ்சினால் காபி. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். நானோ அந்த வீட்டு அம்மா கையாலேயே, அதுவும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி, கை நனைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர்களிடமே அடிமாட்டு விலைக்கு அறை கேட்டிருக்கிறேன்.

கார்த்திகாவுக்குப் போன் போட்டேன். "அவங்க அம்மா லாட்ஜ் வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியுமேம்மா. நீங்க கேக்கவே இல்லயே. பயோடேட்டா அவங்கப்பா எழுதினது. எங்க தங்கறீங்கன்னு நீங்களும் சொல்லல" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "போச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். என் தள்ளுபடி ஆசையை அந்த நிமிடம் நானே சபித்தேன்.

திரும்பிப் போகும்போது தென்காசிச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மேகம் விலகி மலை பச்சையாகத் தெரிந்தது. தடையை எடுத்துவிட்டார்கள். லாட்ஜ் வாசலில் மதுரைப் பதிவெண் வேன் ஒன்று நின்றது. கவுண்டரில் குடும்பத் தலைவர் ஒருவர் மன்றாடிக்கொண்டிருந்தார். "அந்த ஆப்புல வந்தவங்கள வேற எங்கயாச்சும் மாத்தி விட்டுருங்கக்கா. நாலாயிரம் தர்றேன்."

"பத்தாயிரம் தந்தாலும் கிடையாது. அவுக கேட்டாவ, நான் சரின்னேன். முடிஞ்சிது" என்றார் செண்பகம் அம்மாள். அவர் நிமிர்ந்தபோது நாங்கள் நிற்பதைப் பார்த்தார். என் சேலையில் டீக் கறையையும் பார்த்தார்.

"இலத்தூருக்குப் போனியளாக்கும்" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

"எதுக்கு மன்னிப்பு? ஆதாரப் பாத்ததுமே தெரிஞ்சிது. ஊரு கரூரு, பேரு சாவித்திரி. போதாததுக்கு உங்க மவளுக்கும் உங்களுக்கும் அதே மூக்கு. என் மவன் அவ போட்டோவக் காட்டாத நாளு கிடையாது."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"விசாரிக்க வந்தவள விசாரிக்க விடாண்டாமா? என் மவளக் குடுக்கதுக்கு முன்ன நானும் சங்கரன்கோவிலுக்கு மாடு வாங்கப் போற கணக்கா போனேன். ஊரு முழுக்கக் கேட்டேன். ஒருத்தராவது உள்ளதச் சொல்லல்ல. தங்கமான குடும்பம், தங்கமான குடும்பம்னாவ. எம் பிள்ள போயித்தான் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டா. அதான் நீங்க கேட்டதும் உள்ளத உள்ளபடி சொன்னேன். நான் வாய்க்காரிதான். அதுல ஒண்ணும் பொய்யில்ல."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெல்ல, "காலைல சாப்பாடு வேற…" என்று இழுத்தேன்.

செண்பகம் அம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "அது ஆப்புக்காரன் கணக்கு. காசு குடுத்துத் தின்னதுக்குக் கை நனைச்சதுன்னா பேரு? அதெல்லாம் செல்லாது. நீங்க நிம்மதியா ஊருக்குப் போயி யோசிச்சிச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் ஒரு வருத்தமும் கிடையாது" என்றார். வருத்தம் கிடையாது என்று சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்தோம். நான் பெண்கள் பக்கம் போனேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் உலகத்தில் வேறு சத்தமே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கடையநல்லூர்க்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதிய, தலையக் குனிஞ்சிக்கிடுங்க, முதுகுல வாங்குங்க" என்றாள். குனிந்துகொண்டேன். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீருக்குள் கொஞ்சம் அழுதேன், யாருக்கும் தெரிந்திருக்காது. கூட்டம் இருந்ததால் திரும்பி வர நேரமாகிவிட்டது. காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைகளைத் துடைத்துவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே வந்தோம்.

"வெறும் வயித்தோட போவாதிய. வழியில தின்ன பார்சல் கெட்டித் தாரேன்" என்றார் செண்பகம் அம்மாள். பார்சல் என்றதில் அவருடைய பக்குவம் எனக்குப் புரிந்தது. பொட்டலம் எந்தக் கணக்கிலும் வராது.

என் வீட்டுக்காரர் சாவியைக் கவுண்டரில் வைத்தார். செண்பகம் அம்மாள் போனைத் தட்டி அறையை விடுவித்தார். என் போனில், 'உங்கள் தங்கல் நிறைவடைந்தது' என்று வந்தது. அதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை வாசித்தார். பிறகு வாஷ்பேசினுக்குப் போய்க் கையைக் கழுவினார். நேராகச் சாப்பாட்டு அறைக்குள் போய் நடு மேசையில் உட்கார்ந்தார்.

"பார்சல் வேண்டாங்க. நேத்துக் காலைல நான் சாப்பிடவே இல்ல. அந்தக் களி இருந்தா இங்கயே ஒரு இலை போடுங்க" என்றார்.

செண்பகம் அம்மாள் அப்படியே நின்றார். வாய்க்காரிக்கு வாய் எழவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

"ஏங்க, அந்த விசிலத் தூரப் போட்டுட்டு உள்ள வாங்க! சம்பந்தி சாப்புட உக்காந்துட்டாவ!"